கிரவுண்டில் நெளிந்த கோடு

சுவிட்ச் கிரவுண்டில் இருந்தது. ஆனாலும் திரையில் பச்சைக் கோடு நெளிந்தது.

அவள் ஜன்னல் திரையை நன்றாக இழுத்துவிட்டாள். பிற்பகல் வெயில் அடைபட்டதும் மின்துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பின் சூடேறிய தூசி வாசமும் உள்ளிருந்து வரும் மெல்லிய ரீங்காரமும்தான் பட்டறையில் மிச்சமிருந்தன. சுவிட்சை கிரவுண்டுக்குத் தள்ளினால் வெளியிலிருந்து வருவதெல்லாம் வாசலிலேயே அறுபட்டுப் போகும். உள்ளே சிக்னலைக் குறைக்காமல் அப்படியே கடத்தும் பஃபர் சுற்றுக்கு எதுவும் எட்டாது. கோடு ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் கிடக்க வேண்டும். இதுவோ எழுந்தது, விழுந்தது, சற்று ஓய்ந்தது, மறுபடி எழுந்தது. சிக்னலைத் தொட்டெடுக்கும் புரோப் மேசைமேல் சும்மா கிடந்தது.

"பஃபர் நல்ல விருந்தாளிம்மா," என்பார் பட்டறை நடத்தும் அத்தான், அக்காவின் கணவர். "உள்ளே நடக்கறதை எட்டிப் பார்த்து அப்படியே போய்ச் சொல்லும். நம்ம வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காது."

அக்கா இதயம் பலவீனப்பட்டுப் படுக்கையில் விழுந்து ஒரு வருடம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் இவள் வேலையை விட்டு வந்தாள். ஒழிந்த நேரத்தில் அத்தானுக்குக் கைகொடுத்தாள். மூன்று மாதமாக அக்கா முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அதே மூன்று மாதமாக இவளுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"போனைக் கீழ வைடி. எல்லாம் சரியாயிடும்," என்று அக்கா கேலி செய்தாள்.

கோளாறு சுவிட்சுக்கு அப்பால், பஃபரில்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். பஃபரின் டிரான்சிஸ்டரிலிருந்து, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டது. பற்றவைத்த ஈயம் முத்துப்போல் உருண்டு மினுங்கியது. அத்தானின் கைவேலை. அதை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

கம்பி மேசைக்குப் பின்னால் இறங்கிச் சுவருக்குள் போனது. சுவருக்கு அந்தப்புறம் அக்காவின் கட்டில்.

கருவி உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, காலையில் புரோப் முனையில் யாராவது விரல் வைப்பது பட்டறை வழக்கம். உடம்பு காற்றிலிருந்து வாங்கும் மின் இரைச்சல் திரையில் நெளியும். நொடி வேலை. மூன்று மாதமாக அத்தான் அவளைத்தான் வைக்கச் சொன்னார். "உன் கை ராசிக்கை. இன்னும் கொஞ்சம் வை."

அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

பிளக் கீழே கிடந்தது. திரை அணையவில்லை. கோடு இன்னும் எழுந்து விழுந்தது, அவள் நாடியின் தாளத்திலேயே.

நடைக்கூடத்தில் காலடி. மெதுவாக. வெறுங்கால்.

கதவில் அக்கா நின்றாள், யாரையும் பற்றிக்கொள்ளாமல். பின்னால் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்க்கா?"

"முதல் நாள்லேர்ந்து."

அக்கா பக்கத்தில் வந்து அவள் தலையைக் கோதினாள். விரல்கள் கதகதவென்று இருந்தன.

"கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டே, கண்ணு. எனக்குத் தெரியும். அதான் கேக்கல."

கோடு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. நேரானது.

அவள் தன் நெஞ்சில் கை வைத்தாள். காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

அக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அங்கே இரண்டு இதயங்கள் துடித்தன.