நிலமானிக்குக் கீழே

“நல்லவங்க பக்கத்துல குடியிருந்தா நமக்கு ஏம்ப்பா வரி கூடுது?”

அன்னாள் அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஞானமுத்து வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பதில் சொன்னான். “மண்ணோட மதிப்ப நாம உண்டாக்கலம்மா. அக்கம்பக்கம்தான் உண்டாக்குது. அதனால அது ஊருக்குச் சேரணும்.”

அதை அவன் மனப்பூர்வமாக நம்பினான். தூத்துக்குடியில் இப்போது கூலிக்கு வரி இல்லை, கடைக்கு இல்லை, கட்டிய வீட்டுக்கும் இல்லை, மண்ணுக்கு மட்டும்தான். அந்தச் சட்டம் வந்த பிறகுதான், வேலி போட்டு விலையேறக் காத்திருந்தவர்கள் காலிமனைகளைக் கைவிட்டார்கள். அப்படி விடப்பட்ட ஒன்றரை சென்ட்டில்தான் அவன் வீடு நின்றது. ஊர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அந்த வரியில்தான் நடந்தன.

தெருமுனைக் கம்பத்தில் நிலமானி இருந்தது. எந்த வாசலைத் தேடி ஆட்கள் வருகிறார்கள், எந்த வீட்டில் நடமாட்டம் இருக்கிறது என்பதையெல்லாம் உணர்ந்து, தெருவின் மண்மதிப்பை அன்றாடம் பச்சை எண்ணாகக் காட்டும்.

அந்த எண் ஏறிக்கொண்டே போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கமலாவதி சிஸ்டர். ஓய்வுபெற்ற நர்ஸ். வாசலில் ஓர் இரும்பு பெஞ்சு; கதவைச் சாத்துவதே இல்லை. காய்ச்சலா, காயமா, அங்கேதான் கூட்டம். அன்னாளுக்கு வலிப்பு வந்த அன்று அவளை ஒருக்களித்துக் கிடத்தி, மூச்சு சீராகும்வரை பக்கத்தைவிட்டு அசையாமல் இருந்தவர் அவர்தான். ஞானமுத்து பணம் நீட்டியதற்கு, “அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுதுய்யா. பத்தவச்சுக் குடு, போதும்” என்றார். நாளைக்குச் செய்கிறேன் என்றான். செய்யவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டுச் சுடலையாண்டி தெருக்காரர்களோடு வந்தான்.

“அண்ணாச்சி, புண்ணியம் அவுகளுக்கு, வரி நமக்கா? வடக்குத் தெருவுல வேப்பமரத்த வெட்டுனானுவ, எண்ணு சரசரன்னு இறங்கிட்டு. நாம எதையும் வெட்டவா சொல்லுதோம்? கதவத்தான சாத்தச் சொல்லுதோம்.”

“நீயே போய்ச் சொல்லேன்.”

“எனக்கு அவுக மூஞ்சியப் பாத்தா வாய் வராது. உங்க பேச்சத் தட்டமாட்டாக.”

அன்னாளின் மருந்துச் செலவு அந்த வருஷம் ஏறியிருந்தது. ஞானமுத்து போனான். தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

சிஸ்டர் திறந்து கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாருக்கும் கஷ்டம்னா சாத்திருவோம்யா. அந்தப் பெஞ்ச உள்ள தூக்கிப் போட்டுட்டுப் போ.”

தூக்கி வைத்தான். கால் ஆடியது.

கதவு மூடியது, எண் இறங்கியது. மற்ற தெருக்களும் அதையே செய்தன. குழாயடியை அடைத்தார்கள், விளக்கை உடைத்தார்கள். வாசலில் நின்று பேச யாருமில்லை. ஊருக்குச் சேரும் வரி வற்றியதும் ஆஸ்பத்திரியில் முதலில் பூட்டிய வார்டு, வலிப்புள்ள பிள்ளைகளுக்கானது.

ஐப்பசியில் திடீரென்று எண் யாரும் கண்டிராத அளவுக்குச் சரிந்தது. சுடலையாண்டி கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். சிஸ்டர் வீட்டுக் கதவு மட்டும் எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

உடைத்து உள்ளே போனபோது அவர் இறந்து மூன்று நாளாகியிருந்தது. எண் சரியத் தொடங்கியும் மூன்று நாள்தான். அந்த வீட்டில் நடமாட்டம் நின்றுபோனது நிலமானிக்குத் தெரிந்திருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களுக்குத் தெரியவில்லை. சுடலையாண்டி கேசரிச் சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

எல்லாம் முடிந்த மறுநாள் மதியம், மழை விட்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஞானமுத்து அந்தப் பெஞ்சைத் தன் பட்டறைக்குத் தூக்கிவந்து கவிழ்த்துப் போட்டான். துருவைச் சுரண்டி, காலைப் பற்றவைத்து, ஆறியதும் நிமிர்த்தி அழுத்திப் பார்த்தான். ஆடவில்லை.

அதைத் தன் வீட்டு வாசலில் போட்டான். ஒரு சொம்பு தண்ணீர் வைத்தான். கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு உள்ளே போனான்.