நாம மாத்திக்கலாமா?

முதலில் உறுத்தியது ஒரே ஒரு சொல்தான்.

"சொல்லுங்க மேடம், நாம எப்ப கிளம்பறோம்?" என்று கேட்டது போனில் அந்தப் பெண்குரல். தீவிலிருக்கும் விடுதியின் முன்பதிவுப் பிரிவு. குரலுக்குப் பின்னால் அலை அடிக்கும் சத்தம் ஒரே சீராக, நெருக்கமாக, ஜன்னலுக்கு வெளியே இல்லாமல் அறைக்குள்ளேயே அடிப்பதுபோலக் கேட்டது.

சொற்களைக் காது கொடுத்துக் கேட்பதுதான் போனைப் பிடித்திருந்த அவளுக்குப் பிழைப்பு. வீட்டின் பின்னறையில், பழைய கட்டிலை ஒட்டிய மேஜையில், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சித் தொடர்களுக்கு சப்டைட்டில் போடுகிறவள். 'நாங்க' என்றால் கேட்கிறவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பேசுவது. 'நாம' என்றால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது. இந்தப் பெண் எதற்கு இப்படி இழுக்கிறாள்? பிறகு அவளே சமாதானம் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ்கூட 'நாம ஊசி போட்டுக்கலாமா' என்றுதான் கேட்கிறாள். ஊசி என்னவோ நம் கையில்தான் ஏறுகிறது.

அந்த விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் அவள் குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு பெரிய கடைவளாகத்தில் யாரோ சிரித்துப் பேசி உட்காரவைத்து, டின்னர் செட் இலவசம் என்று சொல்ல, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். தட்டுகளில் பாதி உடைந்துவிட்டது. தீவைத்தான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவர்களுக்கு விழுந்தது மழைக்கால வாரம், பள்ளிக்கூடம் நடக்கும் நேரம். விடுமுறையில் போகவேண்டுமானால் வேறு ஒரு குடும்பத்தோடு வாரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். சீசனில் யார் மாற்றுவார்கள்?

வாண்டுக்கு இது புரியவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டு, விடுமுறை முழுக்க வீட்டு சோபாவில் குப்புறப் படுத்து நீச்சல் அடித்தாள். இப்போது பிள்ளைகள் அவளுக்கு 'தீவு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். 'என்ன தீவு, கிளம்பலையா?' என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது குழந்தை அழவில்லை. அதுதான் பெற்றவளைப் போட்டு அறுத்தது. இந்த முறை எப்படியாவது கூட்டிப் போய்விடவேண்டும்.

"சீசன் ஃபுல் மேடம்" என்றது குரல். "ஆனா ஒரு வழி இருக்கு. நாம மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாமே."

"முழுசாவா?"

"முழு வாரமும்தான்."

"உங்ககிட்ட இருக்கறது எனக்கு. என்கிட்ட இருக்கறது உங்களுக்கு. அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"ரெக்கார்ட் ஆகுது மேடம். நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க."

"மாத்திக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் பேசுங்களேன். உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு."

வீட்டில் யார் யார், மகளை என்னவென்று கூப்பிடுவீர்கள், கணவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றெல்லாம் கேட்டது குரல். அறை ஏற்பாட்டுக்காக இருக்கும் என்று இவளும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான், இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று தோன்றியது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். "சீசன்ல போய் யாரு விட்டுக்குடுப்பா? எங்கயோ இடிக்குதுங்க."

"சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் நீ அடையாள அட்டை கேப்ப" என்றான் அவன். "கிடைச்சதேன்னு சந்தோஷப்படேன்."

வாண்டு சோபாவின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தாள். விடுதியின் எண்ணேதான். உறுதிசெய்து குறுஞ்செய்தியும் வந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

காலையில் எழுந்தபோது தொண்டை கட்டியிருந்தது. வலி இல்லை, இருமல் இல்லை. வார்த்தை கிளம்பி உதட்டுக்கு வருவதற்குள் பாதி எங்கோ கரைந்துபோனது. நாக்கில் உப்புக் கரித்தது. பள்ளிக்குக் கிளம்பும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் திரும்பாமலே படி இறங்கிவிட்டாள். ஏசியைக் கூட்டி வைத்துத் தூங்கினால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் கணவனும் கிளம்பினான்.

பின்னறையில் வேலை ஓடவில்லை. அவளுடைய போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவுசெய்யும். நேற்றைய பேச்சை எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொடர்களில் முணுமுணுக்கிற வசனத்தைப் பிடிப்பதற்காகச் செய்வதைப்போலவே ஒலியைக் கூட்டி, அலையின் இரைச்சலை மட்டும் குறைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

அலைக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது.

அவள் ஒவ்வொரு வார்த்தை சொன்ன பிறகும், ஒரு மூச்சு தள்ளி, யாரோ அதையே திருப்பிச் சொன்னார்கள். முதலில் அது பேச்சாகவே இல்லை. பல்லில்லாத வாய் தண்ணீரைக் கொப்பளிப்பதுபோலிருந்தது. 'மாத்திக்கலாமே' வரும்போது மெய்யெழுத்துகள் கூடிவந்தன. 'மாத்திக்கலாம்' வரும்போது ஏற்ற இறக்கம் வந்துவிட்டது. மகளைக் கூப்பிடும் பேரை அவள் சொன்ன இடத்தில், அந்த ஈரமான குரல், அவள் எப்போதும் செய்வதுபோலவே கடைசி எழுத்தைச் செல்லமாக இழுத்தது.

வாண்டூ.

அவள் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். மறுபடி. பதிவின் முடிவில் இரண்டு குரலும் ஒன்றாகவே இருந்தன. எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கணவனுக்கு அடித்தாள். அவன் எடுக்கவில்லை. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பான். பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு, நீச்சல் உடை வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். பொழுது சாயும் நேரத்தில் அவனே கூப்பிட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"நீலமே வாங்கிட்டேன். நீ சொன்ன மாதிரி."

"நான் எப்ப சொன்னேன்?"

"என்னது? கேக்கல."

"நான் சொல்லலைங்க!"

"இப்பதானே கணீர்னு பேசின. இப்ப என்ன தேஞ்சு தேஞ்சு வருது? டவர் இல்ல போலிருக்கு. சரி, நீ சொன்ன மாதிரி சீக்கிரமா வந்துடறோம்."

"அதோட பேசாதீங்க" என்று அவள் கத்தினாள். கத்தினதாகத்தான் நினைத்தாள். அறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் வைத்துவிட்டிருந்தான்.

போகவேண்டாம். தீவும் வேண்டாம், கடலும் வேண்டாம், பிள்ளைகள் என்ன பேர் வைத்தாலும் வைத்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் ரத்துசெய்துவிட்டால் போதும். போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணுக்கு அடித்தாள். கீபோர்டின் இடுக்குகளில் மணல் இருந்தது. மேஜைக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

எடுத்தார்கள். அலைச் சத்தம் இல்லை. ஒரு ஃபேன் சுற்றும் ஓசை, சுற்றுக்கு ஒருதரம் டக்கென்று தட்டும் ஓசை. அவள் வீட்டுக் கூடத்து ஃபேன் அப்படித்தான் தட்டும்.

"சொல்லுங்க" என்றது அவளுடைய குரல்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ரத்துப் பண்ணணுமா?" குரல் கனிவாகக் கேட்டது. "சீசன்ல மாத்தினா மாத்தினதுதாங்க. நான்தான் அப்பவே சொன்னேனே. இருங்க, வந்துட்டாங்க."

ஹெட்போனுக்குள் பூட்டில் சாவி திரும்பியது. கருவிப் பை தொம்மென்று தரையில் விழுந்தது. ஈரச் செருப்பு கீச்சிட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், ஈரச் செருப்பு கீச்சிட்டது.

"அம்மா! நீலம்! பாரேன்!"

"என் கண்ணு! தலையைத் துவட்டு முதல்ல. நனைஞ்சு வந்திருக்கா பாருங்க, உங்களுக்கு ஒரு குடை பிடிக்கத் தெரியாதா?"

கணவன் சிரித்தான். இவள் அதட்டினால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"யாரு போன்ல?"

"யாரோ விடுதிலேருந்து. வச்சிடறேன்." குரல் போனுக்குள் இறங்கியது. மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து பொடிப்பொடியாகக் கேட்டது. "நாங்க சாப்பிடப் போறோம்."

நாங்க.

அவள் கதவுக்கு ஓடினாள். கால் வழுக்கியது. கைப்பிடி உப்புப் பூத்து நறநறத்தது. இழுத்தாள். கொஞ்சம்தான் திறந்தது. ஒரு கண் அளவுக்கு.

கூடத்தில் விளக்கு. சோபா. வாண்டு நீல உடையைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டிபோட்டு, ஒருத்தி. இவளுடைய நைட்டி. இவளுடைய கொண்டை. துண்டால் குழந்தையின் தலையை மெதுவாக, நிதானமாகத் துவட்டுகிறாள். துவட்டுகிறவளின் முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. குழந்தை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

வாண்டு, வந்துடு. அந்தப் பக்கம் வேண்டாம். என்கிட்ட வா.

சத்தம் இல்லை. கதவைத் தட்டினாள். அறைந்தாள். மரம் கொஞ்சம் அதிர்ந்தது.

கணவன் நிமிர்ந்து பார்த்தான். நேராக அவள் கண்ணைப் பார்த்தான். எழுந்து வந்தான். இரண்டடி தூரம். அவன் சட்டையின் கிரீஸ் வாசம்கூட வந்தது.

"ஜன்னலைத் திறந்து வச்சியா என்ன? காத்துல கதவு ஆடுது" என்று கூடத்துப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.

இருட்டு.

கூடத்துச் சத்தம் தூரமாகப் போனது. தட்டு வைக்கிற ஓசை. குழந்தையின் சிரிப்பு. பிறகு அதுவும் இல்லை. ஃபேன் இல்லை. மழை இல்லை. முதுகுக்குப் பின்னால், அறையின் அந்தக் கோடியில், அலை வந்து புரண்டது. அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. கதவோடு ஒட்டி நின்றாள்.

ஒரு சின்னக் கை அவள் விரல்களுக்குள் நுழைந்தது. ஜில்லென்று. நெடுநேரம் தண்ணீரில் கிடந்து தோல் சுருங்கி, நகங்கள் தளர்ந்த கை. அது அவளுடைய சுட்டுவிரலைத் தேடிக் கண்டுபிடித்து, இறுகப் பிடித்துக்கொண்டது.

"அம்மா" என்றது. வாய் நிறையத் தண்ணீர்.

கட்டில் பக்கம் கனமான ஏதோ ஒன்று, சொட்டச் சொட்ட வந்து, மெத்தை அமுங்க உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக்காட்டியது.