வைக்கோல் கன்று

செத்த கன்றைத் தைத்து நிறுத்திய ஐந்தாம் நாள் சாயங்காலம் கட்டுத்தாரையில் பால் கறக்கக் குனிந்த நாச்சிமுத்து, வைக்கோல் திணித்த கன்றின் வாயோரத்தில் நுரை ஒட்டியிருப்பதைப் பார்த்தான். பசு நக்கின எச்சிலாக இருக்கும் என்று விரலால் வழித்து மோந்தான். பால். அப்போதுதான் காம்பிலிருந்து இறங்கின பாலின் வாசம். மடியைத் தொட்டால் வெறும் பையாகத் தொங்கியது. மூன்று படி கறக்கிற மாட்டில் அன்று அரைச் செம்பு தேறவில்லை.

"கறந்து எடுத்தயா, புள்ளே?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்டான்.

"நானெதுக்குங்க கறக்கறேன்? கொழந்தைய உட்டுட்டு நகர முடியல," என்றாள் மருதாத்தாள் உள்ளேயிருந்து. அவள் பிள்ளை பெற்று இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மலபார் ஜில்லாவைக் கேரளத்தோடு சேர்த்த வருசத்து ஐப்பசி அது. வேலந்தாவளம் சந்தைக்குத் தெற்கே, சோளக்காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு. பசு போட்டது காளைக்கன்று. அதற்குப் பால் விடுவது வீண் என்று நாச்சிமுத்து அதைத் தாய்க்கு எட்டாத தூரத்தில் புளியமரத்தடியில் கட்டிப்போட்டான். மடி சுரக்க ஒரு வாய் காட்டுவான், உடனே கழுத்தைப் பிடித்து இழுத்துவிடுவான். பால் மொத்தமும் சந்தை டீக்கடைக்குப் போயிற்று. கன்று ஒன்பது நாள் கத்தியது. முதலில் உரக்க. பிறகு கம்மிய தொண்டையில். கடைசி நாள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பாவமுங்க, கொஞ்சம் உடுங்க," என்று ஒருதரம் மருதாத்தாள் சொல்லிப் பார்த்தாள்.

"காளைக்கன்னு குடிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது?" என்றான் அவன்.

செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தினால் பசு ஏமாந்து சுரக்கும். ஊரில் எல்லாரும் செய்வதுதான். நாலு குச்சி, ஒரு தோல், கன்று மாதிரி ஒரு மூட்டை, அவ்வளவு போதும். கைவேலைக்காரன் என்று பெயரெடுத்த நாச்சிமுத்துக்கு அது போதவில்லை. இமை மயிர் ஒன்றுகூட உதிராமல் உரித்தான். உப்பும் சாம்பலும் தேய்த்துப் பதப்படுத்தி, முட்டி முட்டியாகக் குச்சியைச் செதுக்கி, கண்ணுக்குச் சோடாக் கோலி பதித்து, தொண்டை மேடு தெரியும்படி கழுத்தைத் தைத்தான். மூன்று பகல் சோறு தண்ணி நினைப்பே இல்லை. நிறுத்தி வைத்துவிட்டு, "உசுரு ஒண்ணுதான் பாக்கி," என்று சிரித்தான். பசு மோந்து பார்த்தது. நக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

இப்போது வைக்கோல் கன்றின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். காய்ந்த வைக்கோலின் சரசரப்பு இல்லை. ஈரம். உள்ளே ஏதோ மெல்லப் புரண்டு அடங்கியது.

மனைவியிடம் சொல்லவில்லை. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்கு நடந்தான். வைக்கோலுக்கு அத்தனை கனம் கிடையாது. பள்ளத்தில் வீசியபோது ஒருக்களித்து விழுந்து, இரண்டு கோலியாலும் அவனையே பார்த்தபடி கிடந்தது. மயிர் மயிராகப் பார்த்துச் செய்த தன் கைவேலையைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. தெற்கே நெல்லியாம்பதி மலை அடியோடு மேகத்துக்குள் போயிற்று. மின்னும்போதெல்லாம் மலை முழுசும் வெளுத்து எழுந்து நின்று, அடுத்த நொடி இல்லாமல் போக, கணவாய்க் காற்று சோளத்தட்டைகளைத் தரையோடு சாய்த்துக்கொண்டு, ஈரமண்ணும் சாணமும் கலந்த வாசத்தை ஓட்டுக்கூரை வழியாக உள்ளே அடித்தது. காலையிலிருந்து பசு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தியது.

ஓடைப் பக்கமிருந்து பதில் வந்தது.

கம்மிய தொண்டை. நாச்சிமுத்துக்குத் தெரிந்த குரல். எழுந்து கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டான்.

மழை இறங்கியது. மழைக்குள் இன்னொரு சத்தம், வாசல் கல்லில். டொக். டொக். குளம்பு வைக்கிற சத்தமில்லை, குச்சி ஊன்றுகிற சத்தம். சுவரை ஒட்டியே புழக்கடைக்குப் போனது. அங்கே நின்றது. திரும்ப வந்தது. கதவுக்கு அடியில் ஊறின வைக்கோலின் நாற்றமும் புளித்த பாலின் நாற்றமும் நுழைந்தன. அப்புறம் அது அழுதது.

தூளியில் குழந்தை அயர்ந்து தூங்கியது. மருதாத்தாள் மெதுவாக எழுந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து கொண்டிருந்தது.

"ஏனுங்க, பசிச்சு அழுவுதுங்க."

"அது கொழந்தை இல்ல, மருதா."

"தெரியுமுங்க."

கையைப் பிடித்தான். சுட்டது. அவள் கோபப்படவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தாள். அவன் சுவரோடு ஒட்டினான். கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

அவள் நிலைப்படியோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். படி தாண்டி உள்ளே வந்த நனைந்த தலை ஒன்று அவள் மடியில் ஏறியது.

எப்படியோ பாய்ந்து அதன் பின்னங்காலைப் பற்றி இழுத்தான். அவன் செதுக்கின குச்சி. உள்ளே நாடி அடித்தது. சூடாக. கை தானாக விட்டுவிட்டது.

அந்த நேரம் தூளியில் குழந்தை விழித்து வீறிட்டது.

மருதாத்தாள் தலையைத் திருப்பினாள். யாரோ வீட்டுத் தொழுவத்தைப் பார்ப்பதுபோல் தூளியைப் பார்த்தாள்.

"அந்தக் கன்னு ஏனுங்க இப்படிக் கத்துது?" என்றாள். "இருக்கற பாலு இவனுக்கே பத்தாது."

குழந்தை அழுதது. தையல் போட்ட தொண்டை மடக்கு மடக்காக ஏறி இறங்கியது. குடிக்கிற சந்தோசத்தில் அதன் வால் இப்படியும் அப்படியும் ஆடி, மழைத்தண்ணீரைத் தூளித்துணி மேல் தெளித்துக்கொண்டிருந்தது.