முன் பிரேக்

கைப்பிடி சூடாக இருந்தது.

பேட்டரி கழற்றப்பட்டுப் பலகை மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி மூன்று நாளாக இடத்தை விட்டு அசையவில்லை. வெயிலும் ஷெட்டின் அந்த மூலையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் வலது கைப்பிடியின் ரப்பர், யாரோ இப்போதுதான் கையை எடுத்துக்கொண்ட மாதிரி வெதுவெதுப்பாக, லேசான வியர்வைப் பிசுபிசுப்போடு இருந்தது. தம்பி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். தன் கைச்சூடாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அவன் ஷெட்டைத் திறந்தே ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

நாற்பத்திரண்டு வயதாகி, தலை பாதி நரைத்த பிறகும் அவன் எல்லோருக்கும் தம்பிதான். அக்கா கூப்பிட்டதைக் கேட்டு அத்தான் கூப்பிட்டார்; அத்தானைப் பார்த்து மற்றவர்கள். பெரிய கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவன் உத்தியோகம். கம்பிக்கயிறு சரி, பிரேக் சரி என்று அவன் எழுதிவிட்டால் நூறு பேர் யோசிக்காமல் உள்ளே ஏறி நிற்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் மிக்சி நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் கை பட்டால் போதும் என்று ஒரு பேச்சு.

இந்த வண்டி அத்தானுடையது. இருபது வருஷப் பழைய டூரிங் பைக். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் அகலமான கண்ணாடித் தடுப்பு, பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு. ஆள் எப்படியோ வண்டியும் அப்படி, பெருத்த உடம்பு, நிதானமான போக்கு. போன வருஷம் ஏரிக்கு இறங்கும் மலைச்சாலையில், நாலாவது வளைவில், அந்த வண்டியோடு அத்தான் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். வண்டி மட்டும் மினி லாரியில் ஏறி இவன் ஷெட்டுக்கு வந்தது. ஒரு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அதை ஓட வைக்கச் சொன்னது அக்காதான். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு; எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த வளைவுக்கு அதே வண்டியில் போய் இறங்கி நின்று, மனுஷனை ஒரு தடவை வாய்விட்டுத் திட்ட வேண்டும் என்றாள். அப்போதுதான் தூக்கம் வரும் என்றாள். வேகமாகப் போகாதே என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பாள். தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் பறந்துவிட்டாரே என்ற கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்.

"தம்பி முந்தின நாள்தான் பிரேக்கெல்லாம் பாத்துக் குடுத்தான். அப்படியும் இந்த மனுஷன்..."

ஒவ்வொரு தடவையும் அவன் பக்கத்தில் நின்றிருந்தான். ஒவ்வொரு தடவையும் காது மடல் எரிந்தது.

ஏனென்றால் அந்த முந்தின நாள் அவன் முன் பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸை மாற்றினான். சக்கரத்துப் பக்கம் ஹோஸைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டை, ஆயிலை ஊற்றிக் காற்றை வெளியேற்றிப் பார்த்த பிறகு ஸ்பானர் போட்டு இறுக்கலாம் என்று, விரலால் மட்டும் திருகி வைத்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு வந்து, வலது கைப்பிடியில் இருக்கும் பிரேக் லீவர் கெட்டியாக நிற்பதைப் பார்த்து, கருவிகளைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. மறதி என்று சொல்லிவிடலாம், மன்னிக்கவும் செய்யலாம். அதற்குப் பிறகு செய்ததைத்தான் எந்தச் சொல்லாலும் மூட முடியவில்லை. நொறுங்கிய வண்டி வந்து இறங்கியதும் முதல் ஆளாகக் குனிந்து அந்தப் போல்ட்டைத் தொட்டான். இரண்டு விரலுக்குச் சுழன்றது; ஆயில் அந்த வழியாகத்தான் கசிந்து போயிருந்தது. வாசலில் இருந்து அக்காவின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தபோது, அவன் ஸ்பானரை எடுத்து, சத்தம் வராமல், அதை இறுக்கினான். வண்டி விழுந்த வேகத்தில் பிரேக் ஆயில் கிண்ணமும் உடைந்திருந்ததால் ஆயில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் வந்த அதிகாரி பிரேக்கில் குறை இல்லை, ஓட்டியவரின் வேகமே காரணம் என்று எழுதினார். கீழே சாட்சியாகத் தம்பியும் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு மாதமாக வண்டியைப் பிரித்துச் சேர்க்கிறான். வளைந்த முன் குழாய்களை மாற்றினான், புதுக் கண்ணாடித் தடுப்பு போட்டான், பழைய மஞ்சள் விளக்குக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட். இவ்வளவு செய்வதைப் பார்த்து, அத்தான் மேல் இவனுக்கு எவ்வளவு பாசம் என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொன்னாள். முன் பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்து, போன வாரம்தான் தொட்டான். புது ஹோஸ், புது பேட், புது போல்ட். மூன்று தடவை இறுக்கினான். லீவர் கல் மாதிரி நின்றது.

மறுநாள் மாலை அதே லீவர் வெண்ணெய் மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியில் முட்டியது.

கசிவு இல்லை. போல்ட் அசையவில்லை. ஆயில் கிண்ணத்தில் கோடு வரை அப்படியே நின்றது. எங்கேயோ காற்று புகுந்திருக்கும் என்று மறுபடி ஆயிலை ஓட்டிக் காற்றை எடுத்தான். கல் ஆயிற்று. அடுத்த நாள் வெண்ணெய் ஆயிற்று. இன்று கைப்பிடியும் சூடு.

அவன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டிக்கு எதிரில் உட்கார்ந்தான். வெளியே தெருவில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம், பக்கத்து மாடியில் கம்பளத்தைத் தட்டும் சத்தம், ஷெட்டுக்குள் பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை, அதன் அடியில் பிரேக் ஆயிலின் கசந்த, மீன் மாதிரியான ஒரு வாடை; தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது சொடுக்கியது. வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. கம்பளச் சத்தம் நின்றது. மணி நாலே முக்கால், போன வருஷம் அத்தான் விழுந்த அதே நேரம்.

லீவர் உள்ளே போனது.

மெதுவாக, வேகத்தைக் கொஞ்சம் குறைக்க நினைக்கிற ஒருவர் நாலு விரலால் இழுக்கிற மாதிரி, பதற்றமே இல்லாமல் போனது. கைப்பிடி வரைக்கும். பிறகு விட்டது. ஒரு கணம் சும்மா இருந்தது. மறுபடி உள்ளே. இந்த முறை சீக்கிரம். மறுபடி. மறுபடி. க்ளிக். க்ளிக். க்ளிக். ஏழாவது தடவை போய் ஒட்டியது. திரும்பவில்லை. கைப்பிடி ரப்பர் நாலு இடத்தில் அமுங்கி நடுங்கியது.

தம்பிக்குப் புரிந்தது. அந்தச் சரிவில் அத்தான் செய்தது இதுதான். பறந்தவர் இல்லை அவர். நிறுத்தப் பார்த்தவர்.

ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்தான். உடம்பு சரியில்லை என்றான். வண்டி இன்னும் தயாராகவில்லை, பஸ்ஸில் போகலாமே என்று அக்காவிடம் போனில் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நிற்கிறேன் என்றாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் போனை வைக்கும்போது, "நீ இல்லைன்னா எனக்கு யாருடா இருக்கா" என்றாள். அவன் சரி, வா என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறன்று இரண்டு மணிக்கே புறப்பட்டுவிட்டால் நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அக்கா மூன்றரைக்குத்தான் வந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறித் திண்டில் சாய்ந்தாள். வண்டி நடுக்கம் இல்லாமல், பழைய குரலிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. மலை ஏறும்வரை அவன் முன் பிரேக்கைத் தொடவில்லை. ஏறி முடிந்து ஏரிப்பக்கம் இறங்கத் தொடங்கியதும், கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மட்டும் மிதித்து, நடைவேகத்தில் இறக்கினான். முதல் வளைவு. ஈர மண் வாசனை. இரண்டாவது. காதுக்குள் தன் மூச்சு மட்டும். மூன்றாவது வளைவில் அவன் வலது கை மேல் ஏதோ படிந்தது. கனமாக. வெதுவெதுப்பாக. கையை எடுக்க முடியவில்லை. நாலு விரல், அவன் விரல்களுக்கு மேலே, காத்திருந்தன.

நாலாவது வளைவுக்கு ஐம்பதடி முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினான். கியரில் விட்டான். சைடு ஸ்டாண்டை இறக்கினான். சாவியை எடுத்துப் பையில் போட்டான். கை மேலிருந்த கனம் அப்போதுதான் போயிற்று.

அக்கா வளைவு வரை நடந்து போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அத்தானைத் திட்டினாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். தன்னை நினைத்துப் பார்த்தாரா என்று கேட்டாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா என்று கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் போய்ச் சேர வேண்டிய ஆள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அக்கா. அவர் வேகமா வரல."

அவள் திரும்பினாள்.

"போல்ட்டை நான் இறுக்கல. மறந்துட்டேன். வண்டி வந்ததும் யாருக்கும் தெரியாம இறுக்கினேன். கையெழுத்தும் போட்டேன்."

அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேல், பின்னால், வண்டியைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்டது. க்ளிக். க்ளிக். அவள் உதடு அசைந்து எண்ணியது. ஏழு வரை. பிறகு முகத்தில் இருந்த கோபம் முழுக்க, ஒரு வருஷக் கோபமும், கழுவிவிட்ட மாதிரி போயிற்று.

வெகுநேரம் காக்க வைத்துவிட்ட ஒருவரிடம் போகிற மாதிரி அவள் வேகமாக நடந்து போனாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். பின்னால் ஏறினாள். கையைப் பிடித்து இழுக்கத் தம்பி ஓடினான். நாலடிக்கு மேல் கால் வரவில்லை.

அவள் முன்னால் இருந்த காலி இடத்தைக் கட்டிக்கொண்டாள். கைகள் உள்ளே சரியவில்லை. பெருத்த உடம்பைச் சுற்றுகிற மாதிரி அகன்று, சிரமப்பட்டு, விரல் நுனியில் கோத்துக்கொண்டன. தலையைச் சாய்த்தாள். கண்ணாடியில் வைத்து அழுத்தின மாதிரி அவள் கன்னம் தட்டையானது.

"தம்பி." கண்ணை மூடிக்கொண்டே கூப்பிட்டாள். "இந்தத் தடவை இறுக்கிட்டியான்னு கேக்கறார்."

வாயைத் திறந்தான்.

சைடு ஸ்டாண்ட் மேலே மடங்கியது. கியர் நியூட்ரலுக்கு விழும் ஒலி. சாவி அவன் பைக்குள். எஞ்சின் மூச்சுவிடவில்லை. டயருக்கு அடியில் சரளை மட்டும் நொறுங்கியது. கோத்திருந்த அவள் விரல்களின் தோல் வெளுத்து, குழிந்து, மேலே ஒரு பெரிய இடது கை வந்து மூடிக்கொண்ட மாதிரி அமுங்கியது. அவள் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி இறங்கியது. நிதானமாக. பிறகு நிதானம் இல்லாமல். காற்றில் எதன் மேலோ அழுந்தியிருந்த அந்தக் கன்னம் கொஞ்சமும் விலகாமல், வளைவை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போனது.