வலக்கண்ணில் மட்டும் வந்த பேய்

பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று மேடைதோறும் முழங்குபவர் பெரியப்பா. அதனால், தன் வீட்டு நடையிலேயே ஒன்று வந்து நின்றபோது அவரால் வாய்விட்டு அலறக்கூட முடியவில்லை.

"அங்க யாரோ நிக்கிறாங்க," என்று முணுமுணுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி வாலு திரும்பிப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"யாரும் இல்லையே, பெரியப்பா."

"வெள்ளையா, உயரமா. தலையைச் சுத்தி வெளிச்சம். முகம் மட்டும் இல்ல."

வாலு அவர் நாற்காலியை ஒட்டி வந்தாள். "பேயா?"

"சீச்சீ! அடையாளம் தெரியாத விருந்தாளி."

சொல்லிக்கொண்டே அவள் பக்கம் திரும்பியவர், நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "உன் முகம் எங்க?"

வாலு அவசரமாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

அவளுக்கு ஒன்று தோன்றியது. "வலக்கண்ணைப் பொத்துங்க."

பொத்தினார். "அட! என் மேடைக் கோட்டு தொங்குது!" கையை எடுத்தார். "ஐயோ, திரும்ப வந்துட்டாரு."

போன வாரம் ஆபரேஷன் செய்தது அந்த வலக்கண்ணில்தான். புரையை எடுத்துவிட்டு, கண்ணில் அழுத்தம் குறைய நீர் வடியும் சின்ன வழி ஒன்றும் வைத்திருந்தார்கள்.

"மருந்து விடுறீங்களா?"

"ஒரு வேளை தவறினதில்ல!" பெரியப்பா சொட்டு மருந்துக் குப்பியை, அலுங்காமல் குலுங்காமல், கிரீடத்தைப் போலத் தூக்கினார். ஒரு சொட்டு குறி தவறி வாலுவின் கையில் விழுந்தது. தெளிந்த தண்ணீர் போல இருந்தது.

"நர்ஸ் அக்கா விட்டப்போ பால் மாதிரி இருந்துச்சே? அவங்க நல்லா குலுக்கிட்டுதான் விட்டாங்க."

"அது அவங்களுக்குக் கை நடுக்கம்."

வாலு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். "மங்கலா தெரியுதுன்னு மட்டும் சொல்லு. விருந்தாளி பேச்சை எடுக்காதே," என்று பெரியப்பா கெஞ்சினார். வாலு அதோடு, குப்பியைக் குலுக்காததையும் சொன்னாள். உடனே வரச் சொன்னார்கள்.

கண் டாக்டர் கருவியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உள்ளே அழற்சி ஏறியிருக்கு. இந்த மருந்துல அழற்சியைக் குறைக்கற ஸ்டீராய்டு அடியில தங்கிடும். குலுக்காம விட்டா மேல இருக்கற தண்ணிதான் கண்ணுக்குப் போகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, நாங்க வச்ச வழி தழும்பாகி அடைஞ்சிருக்கும். அப்புறம் அழுத்தம் ஏறிப் பார்வையே போயிருக்கலாம். யார் கண்டுபிடிச்சது?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெரியப்பா சொற்பொழிவு ஆற்றாமல் விரலை மட்டும் நீட்டினார். விரல் வாலுவைக் காட்டியது.

அதன்பின் டாக்டர் சொன்ன கணக்கில் மருந்து போனது. குப்பியைக் குலுக்கும் பொறுப்பு வாலுவுடையது. வலக்கண்ணின் மூடுபனி நாளுக்கு நாள் விலகியது.

ஒரு காலையில் பெரியப்பா அவளையே உற்றுப் பார்த்தார்.

"உன் மூக்கு இவ்வளவு சப்பையா?"

"எப்பவும் இப்படித்தான், பெரியப்பா."

"ரொம்ப அழகா இருக்கு," என்றார் அவர். கண்ணை எடுக்கவே இல்லை.