படுதாவுக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

கதையை நிறுத்திவிட்டு மொக்கையன் இருமிக்கொண்டிருந்தான். அப்போதும் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது.

ஒன்றும் சொல்லாதபோது எதற்கு உம் கொட்டுகிறாள்? இருமலுக்கா? அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. போகட்டும், சொன்ன வேலையைத் தவறாமல் செய்கிறாளே, அது போதும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடித்தான்.

அவன் பெண்டாட்டி சந்தனத்தை அன்று மத்தியானம் ஏலக்காட்டில் விரியன் போட்டுவிட்டது. காய் பறிக்கச் செடியடியில் குனிந்தவளுக்குக் கணுக்காலில் சுருக்கென்றிருக்கிறது. பார்த்தால் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கிறது சனியன். ஆனைக்கரையில் அதற்கு ஊசி கிடையாது. குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கினால்தான் உயிர். பாம்பு கடித்தவர் கண் அசந்தால் திரும்ப முழிப்பதில்லை என்பது அந்த மலையில் எல்லோருடைய நம்பிக்கை. ஆகவே அவனுடைய அக்கா அழகுத்தாய் பின்னால் ஏறி, சந்தனத்தின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டே மொக்கையன் கதை சொல்வது, சந்தனம் உம் கொட்டிக்கொண்டே வருவது என்று ஏற்பாடு.

"தூங்கிராதத்தா. நான் பேசப் பேச உம் கொட்டிக்கிட்டே வா."

"ஒங்க கதைக்கு முழிச்சு வேற கெடக்கணுமாக்கும்," என்றாள் சந்தனம், பல்லைக் கடித்துக்கொண்டு. "பொய்யி கிய்யி சொன்னீங்க, அங்கயே திருத்துவேன். பாத்துச் சொல்லுங்க."

அந்த வலியிலும் அந்த வாய். அதைக் கேட்டதும் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று மொக்கையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வண்டியென்றால் எஸ்டேட்டின் பழைய வேன்தான். முன்னால் ஓட்டுகிறவனுக்கு ஒரு கூண்டு. முதுகுக்குப் பின்னே பலகைத் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. தடுப்புக்குப் பின்னால் சாமான் ஏற்றும் இடம்; மேலே கம்பி வளைத்துப் படுதா போட்டிருந்தது. எழுபத்துநாலாம் வருஷம் பெட்ரோல் விலை எகிறியபோது, முதலாளி எங்கோ கிடந்த பழைய கரிவாயு அடுப்பைக் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கம் மாட்டச் சொல்லிவிட்டார். ஆள் உயர டிரம். அதில் விறகுத் துண்டைப் போட்டு, நெருப்பு வைத்து, கைவிசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றினால் வாயு கிளம்பும். அதைக் குழாய் வழியாக எஞ்சின் குடித்து ஓடும். ஏற்றத்தில் கிழவன் மாதிரி மூச்சு வாங்கும். நடுநடுவே நிறுத்தி விறகு போட்டு, கம்பியால் குத்திவிட்டு, சாம்பலைத் தட்ட வேண்டும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இந்நேரம் கம்பத்தில் இருந்திருப்போம் என்று மொக்கையன் முதலாளியை மனசுக்குள் நாறடித்துக்கொண்டே ஓட்டினான்.

ஆனைக்கரைத் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. ஆடி மாதச் சாரல், பக்கவாட்டில் அடிக்கிற சாரல். சந்தனத்துக்குக் குளிர் நடுக்கம் கண்டிருந்தது. அழகுத்தாய், "தம்பி, படுதாவ எறக்கிக் கட்டுப்பா, புள்ள வெடவெடன்னு நடுங்குது," என்று கத்தினாள். அவன் நிறுத்தி, இறங்கி, படுதாவை நாலு பக்கமும் இறக்கி, கயிற்றை இழுத்துக் காற்றுப் புகாமல் முடிச்சுப் போட்டான். சந்தனம் நனையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவன் புத்தியில் இருந்தது.

கதை வேறொன்றும் இல்லை, அவன் அவளைப் பெண் பார்க்கப் போன கதை. இரவல் வேட்டி கட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை மிடுக்காக உட்கார்ந்திருக்கையில், சந்தனம் வீட்டு வெள்ளாடு பின்னால் வந்து வேட்டி நுனியைத் தின்றுவிட்டது. ஊருக்கே தெரிந்த கதை. சந்தனம் அதை அவனைவிட நன்றாகச் சொல்வாள்.

"...எந்திரிச்சுப் பாத்தா வேட்டியில ஒரு சாண் காணோம்," என்றான்.

"ம்."

"ஒங்கப்பன் சிரிக்கிறாரு, ஒங்காத்தா சிரிக்கிது..."

"ம்."

சிரிக்க வேண்டிய இடம். இந்த இடத்தில் அவள் சிரிக்காமல் இருந்ததே இல்லை. விஷம் ஏறுகிறதோ என்னவோ. மொக்கையன் கியரை மாற்றி மிதித்தான். வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் மூடுபனி இறங்கி, முன்விளக்கு இரண்டு முழம்கூடத் தாண்டவில்லை. விறகுப் புகையும் ஈரச்சாக்கும் கலந்த வாடை. மண்டைக்குள் ஒரு வலி, நெற்றியில் தொடங்கிப் பின்கழுத்துவரை இறங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டான். சாப்பிடாமல் கிளம்பியதால் இருக்கும்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் திக்கியது. விறகு தீர்ந்துவிட்டது. ஓரங்கட்டி, கல் வைத்து, பின்னால் ஓடினான். டிரம் மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெருப்பு புஸ்ஸென்று ஆள் உயரம் எழும்பி அடங்கியது. துண்டுகளைக் கொட்டினான். மூடியை அழுத்தும்போதுதான் பார்த்தான், வாயு கசியாமல் இருக்க மூடிக்கடியில் சுற்றியிருந்த திரிக்கயிறு ஒரு பக்கம் தீய்ந்து போயிருந்தது. அந்த இடத்துக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில், இறுக்கிக் கட்டிய படுதா.

அடுப்பு மாட்டிய கம்பத்து மெக்கானிக் அமிர்தநாதன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "ஆள் ஏத்துனா படுதாவத் தூக்கிக் கட்டிருங்க அண்ணே. இந்த வாயுவுக்கு வாசமும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. மூஞ்சி செவந்து, தூங்குற மாதிரியே ஆளக் கொண்டுபோயிரும்."

ஐயோ, தூங்குகிற மாதிரி! மொக்கையன் பாய்ந்து முடிச்சைப் பற்றினான். கயிறு நனைந்து இரும்பாக இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினான், பல்லால் கடித்தான்.

"சந்தனம்! சந்தனம்! முழிச்சிருக்கியாத்தா?"

"ம்."

படுதாவுக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக. தெளிவாக. மொக்கையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லாத்தான இருக்க?"

"ம்."

"அக்கா நல்லாருக்கா?"

"ம்."

கயிற்றையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தான். இதை அவிழ்த்துக் கட்டுவதற்குள் விஷம் நெஞ்சுக்கு ஏறிவிட்டால்?

"படுதா அப்பிடியே இருக்கட்டுமா?"

கொஞ்சம் பொறுத்து வந்தது பதில்.

"ம்."

ஓடிப்போய் ஏறினான்.

வண்டி நகர்ந்தது. கதை நகர்ந்தது. சொன்னதையே சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ வந்தது, தாமதமே இல்லாமல், ஒரே அளவில், ஒரே குரலில். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் அந்தக் குரல் குலுங்கவில்லை. அவன் குரல் குலுங்கியது. பலகை குலுங்கியது. அது குலுங்கவில்லை.

"அக்கா," என்றான் மொக்கையன். "நீ ஒரு வார்த்த பேசேன்."

"ம்."

அதே குரல்.

கையில் ஸ்டியரிங் வழுக்கியது. உள்ளங்கை முழுக்க வேர்வை. மாரியாத்தா, தாயே, என்னைச் சோதிக்காதே. சந்தனம் என்ன சொன்னாள்? பொய் சொன்னால் அங்கேயே திருத்துவேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொல் மாற விட்டதில்லையே அவள்.

"அன்னிக்கு வேட்டியத் தின்னது... ஆடு இல்லத்தா. நாயி."

"ம்."

"கறுப்பு நாயி."

"ம்."

"பொண்ணு பாக்க வந்தது நான் இல்ல. வேற ஆளு."

"ம்."

மொக்கையன் பேச்சை நிறுத்தினான். எஞ்சின் இரைந்தது. டயரில் சேறு அப்பியது.

"ம்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

"ம். ம்."

ஓட்டை வழியாகப் பிடரியில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மிதித்தான். எதிரே பனிக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம். செக்போஸ்ட். குமுளி வந்துவிட்டது. மனிதர்கள் இருக்கிற இடம்.

குறுக்குக் கம்பு இறங்கியிருந்தது. காவலர் ஒருவர் குடையும் டார்ச்சுமாக வந்தார். "உள்ளில் எந்தா? ஏலக்காயோ?"

"பாம்பு கடிச்சுது சாரே. எம் பொண்டாட்டி. தெறந்து பாருங்க. நீங்க தெறங்க."

அவனுடைய முகத்தைப் பார்த்துக் காவலர் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டார். பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்துப் படுதாவைத் தூக்கினார். உள்ளே அடைந்து கிடந்த சூடு வெளியே வந்தது.

அழகுத்தாய் பலகையில் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் பட உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சந்தனம். செத்த முகம் வெளுத்திருக்கும் என்பார்கள். இரண்டு முகமும் செக்கச்செவேலென்று இருந்தன, திருவிழாவுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி. வாய்கள் மூடியிருந்தன. காவலர் சந்தனத்தின் கையைத் தூக்க முயன்றார். அது மடங்கவில்லை.

"மரவிச்சல்லோ," என்றார் மெல்ல. விறைத்துவிட்டது என்கிறார். "ரெண்டாளும். குறே நேரமாயிட்டுண்டு."

ரொம்ப நேரம் ஆகிவிட்டதாம். அப்படியென்றால் அந்த ஏற்றத்தில்? அவன் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோது? மொக்கையன் மார்பில் அறைந்துகொண்டான். "பாவி, கட்டிப்போட்டுக் கொன்னேனே! கேட்டுக் கேட்டுக் கொன்னேனே!"

அழுகை அடங்கிய இடைவெளியில், எஞ்சின் இரைச்சலுக்கு மேலே, மூடிய இரண்டு வாய்களுக்கும் பக்கத்திலிருந்து, சந்தனத்தின் குரலில், ஆசையாக ஒரு சொல் கேட்டது.

"அப்பறம்?"

டார்ச் சேற்றில் விழுந்தது. காவலர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். யாரையோ கூவினார்.

மொக்கையன் ஓடவில்லை. கேட்கிறாள். முழித்திருக்கிறாள். பதில் சொல்லாவிட்டால் தூங்கிப்போவாள். ஏறினான். அவர்களுக்கு எதிரே குந்தினான். சந்தனத்தின் குளிர்ந்த பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சாரல் படாமல் இருக்கப் படுதாவை இழுத்துவிட்டான்.

இருட்டு. டிரம்மின் வெக்கை.

"அப்பறம்..." என்று ஆரம்பித்தான்.

"ம்," என்றது, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.