உப்பு பூக்காத சுவர்

மறுபடியும் சுவரில் அதே முக்கோணம்தான். நேற்று அடித்த நீலம் உரிந்து, உள்ளேயிருந்து வெள்ளைவெளேரென்று உப்பு பூத்திருந்தது. சுரையா அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள், தூவென்று துப்பினாள். நாசமாய்ப் போன சுவர்!

உப்பளத்து ஓரம் வீடு கட்டுகிறோம், கிணற்றுத் தண்ணீரில் கலவை போடவேண்டாம் என்று அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டாள். புருஷன் தவுசீப் கேட்டானா? துபாயில் உட்கார்ந்துகொண்டு, "உனக்கு எதுக்குடி பெயிண்டிங்லாம்? உன்னால ஆகாது" என்று போனில் சிரிக்க மட்டும் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்காகவே ஹால் சுவர் முழுக்க டேப் ஒட்டி, முக்கோணம் முக்கோணமாக வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி."

சுவருக்கு அந்தப் பக்கம் அறையில் ஹம்னா. ஆறு வயசு. லேசான காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

"இப்பதானே குடிச்ச? பேசாம படு!"

உப்பைச் சுரண்டி எடுத்தாள். வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கை இரண்டு கை அடித்தாள். ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. "போ! என் செவுத்த விட்டு எங்கனா போய்த் தொல!" என்று கத்தினாள்.

சுவருக்குள் ஏதோ நறநறத்தது. காய்ந்த உப்பளப் பாத்திச் சேற்றின் வாடை குப்பென்று எழுந்தது. அந்த நறநறப்பு அவளை விட்டு விலகி, மெல்ல மெல்ல அந்தப் பக்கமாகப் போவதைக் கேட்டாள். எலியாக இருக்கும்.

"அம்மா... தண்ணி..." ஹம்னாவின் குரல் கரகரத்தது.

"உயிர வாங்காதடி! வர்றேன்!"

போகவில்லை. கோட்டிங் காய்ந்ததும் நீலம் அடித்தாள், மஞ்சள் அடித்தாள். பொழுது சாயும் நேரத்தில் டேப்பை உரித்தாள். கோடுகள் கத்தியால் கீறியது போல நின்றன. ஒரு பொட்டு உப்பு இல்லை. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பி, "இப்ப சிரி" என்று எழுதினாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஹம்னா வெகுநேரமாகத் தண்ணீர் கேட்கவில்லை.

டம்ளரில் தண்ணீரோடு ஓடினாள். லைட்டைப் போட்டாள்.

ஹம்னா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளை. கன்னத்தில் வெள்ளை. முக்கோணம். பக்கத்தில் இன்னொன்று. டேப் ஒட்டி உரித்த மாதிரி நேர்க்கோடு.

கன்னத்தைத் துடைத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. அடியிலும் வெள்ளைதான்.

தண்ணீரை அவசரமாக அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தி ஹம்னாவின் புறங்கையில் விழுந்தது. விழுந்த இடம் கரைந்து ஓட்டையாகி, அடியில் மெத்தையின் பூப்போட்ட துணி தெரிந்தது.

"தண்ணிம்மா," என்று ஹம்னா வாயைத் திறந்தாள்.